கெதியாக ஓடுவது எது? டெங்கு எண்ணிக்கைக்கு ஒரு மாதிரியுரு தேடி

வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை. பிளேன்டீ வருவதற்குள் தம்பி லப்டொப்பைத் திறந்து என் பக்கம் திருப்பிவிட்டான். கொழும்பு மாவட்டத்தின் டெங்கு எண்ணிக்கைகள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு வாரியாக, கிழமைக்கு ஒரு வரியாக, பத்து வருடத்துக்கு எக்செலில் அடுக்கி வைத்திருந்தான். முதுமாணி ஆய்வுக்காக அனுமதி எடுத்து வாங்கிய தரவு.

"அண்ணா, புவசோன் சரிவராதாம். சேர் மறை ஈருறுப்புப் போடச் சொல்றார். கூடப் படிக்கிற பிள்ளை குவாசி போதும் என்கிறா. இன்னொருத்தன் ஸ்டான்தான் சரி என்று இரவிரவாக ஓட விட்டிருக்கிறான். எது கெதியா ஓடும்?"

அவன் சொன்ன புவசோன், மறை ஈருறுப்பு, குவாசி மூன்றும் எண்ணிக்கைத் தரவுக்குப் பொருத்தும் மாதிரியுருக்கள், அதாவது எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று சொல்லும் சமன்பாடுகள். ஸ்டான் அப்படியான மாதிரியுருக்களை ஓட்டும் ஒரு மென்பொருள். அவனுடைய லப்டொப்புக்கு நினைவகம் 8 ஜிபி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேகத்தை முதலில் கேட்டால் பதில் பிழைக்கும். எண்ணிக்கையை வைத்து என்ன சொல்லப் போகிறாய், மழையின் விளைவையா, அடுத்த கிழமைக்கான எச்சரிக்கை எல்லையையா என்று முடிவெடுத்தால் பாதி முறைகள் தாமாகவே கழன்றுவிடும். மிஞ்சுவதில்தான் வேகம் பார்க்க வேண்டும். அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

புவசோன் பரம்பல் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இடை (சராசரி) எவ்வளவோ, மாறற்றிறனும் (எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) அவ்வளவாக இருக்க வேண்டும். இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1898இல் போர்ட்கீவிச் வெளியிட்ட குதிரைக் கணக்கு. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை எண்ணினார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், மொத்தம் 200 பதிவுகள், 122 மரணங்கள். இடை 0.61. மாறற்றிறனைக் கணக்கிட்டால் அதுவும் 0.61. ஒரு குதிரை உதைத்ததைக் கேள்விப்பட்டு இன்னொரு குதிரை உதைப்பதில்லை, அதனால் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

டெங்கு அப்படியல்ல. ஒரு வீட்டுக் கூரைப் பீலியில் தண்ணீர் தேங்கினால் பக்கத்து நான்கு வீடுகளுக்கும் சேர்த்துத்தான் நுளம்பு பெருகும். ஏடிஸ் நுளம்பு தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மீட்டருக்குள் சுற்றும், ஒரே நாளில் பலரைக் கடிக்கும். ஆகவே நோயாளிகள் தனித்தனியாக வருவதில்லை, கொத்தாக வருகிறார்கள். இது மிகைச்சிதறலின், அதாவது மாறற்றிறன் இடையை விடப் பெரிதாவதன், முதற் காரணம். இரண்டாவது, நாம் அளக்காத விடயங்கள்: எந்த ஒழுங்கையில் கட்டுமான வேலை நடக்கிறது, எங்கே குப்பை எடுக்கவில்லை, எந்த வகை வைரஸ் இந்த முறை சுற்றுகிறது. மூன்றாவது காலம். போன கிழமை அதிகமாக இருந்த இடத்தில் இந்தக் கிழமையும் அதிகமாக இருக்கும். இந்த மூன்றும் வெவ்வேறு சங்கதிகள், ஆனால் வெளியே தெரிவதோ 'மாறற்றிறன் பெரிது' என்ற ஒரே அறிகுறி. காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே மருந்து கொடுக்க முடியாது என்பது போலத்தான்.

2017ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தது. நகரத்தில் குப்பை எடுப்பது குழம்பியது. மே மாதம் வெள்ளம். அந்த ஆண்டு நாடு முழுக்கப் பதிவான டெங்கு நோயாளிகள் 186,101 பேர். அப்படியொரு ஆண்டு தரவுக்குள் இருந்தால் எந்தப் புவசோன் மாதிரியுருவும் மூச்சுத் திணறும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு எச்சரிக்கை எல்லை கணக்கிடும் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். புவசோன் தான். ஒரு பிரிவில் வழக்கமாகக் கிழமைக்கு 20 பேர் என்றால், 29ஐத் தாண்டினால் அலாரம். புவசோன் கணக்குப்படி தாண்டுவதற்கான நிகழ்தகவு 2 சதவீதம்தான். நடந்தது என்னவென்றால் ஒவ்வொரு கிழமையும் மூன்று நான்கு பிரிவுகளில் சிவப்பு எரிந்தது. இரண்டு மாதத்துக்குள் யாரும் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அதே 20 இடையோடு மாறற்றிறன் 120 உள்ள மறை ஈருறுப்புப் பரம்பலை எடுத்தால், 29ஐத் தாண்டும் நிகழ்தகவு 17.6 சதவீதம். ஆறு கிழமைக்கு ஒரு தடவை, எந்த நோய்ப்பரவலும் இல்லாமலே. 20 பிரிவுகள் இருந்தால் கிழமைக்கு மூன்றரைப் பொய் அலாரம். உண்மையிலேயே 2 சதவீத எல்லை வேண்டுமென்றால் அதை 47இல் வைத்திருக்க வேண்டும். 29க்கும் 47க்கும் உள்ள இடைவெளியில்தான் என் மரியாதை போனது.

சரி, முறைகளுக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் மலிவானது குவாசி-புவசோன். 1974இல் வெடர்பர்ன் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெல்டரோடு சேர்ந்து பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரியுருக்களை அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1975இல், 28 வயதில், ஒரு பூச்சிக் கடியால் ஏற்பட்ட ஒவ்வாமையில் இறந்துபோனார். நுளம்புக் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அவருடைய யோசனை மிக எளிது. பரம்பல் என்னவென்று சொல்லாதே, மாறற்றிறன் இடைக்கு விகிதசமம் என்று மட்டும் சொல். புவசோன் மாதிரியுருவை அப்படியே ஓட்டு. ஒவ்வொரு பதிவுக்கும் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்ததால் பிரித்து, எல்லாவற்றையும் கூட்டி, பதிவுகளின் எண்ணிக்கையிலிருந்து பரமானங்களின் (மாதிரியுரு மதிப்பிடும் எண்களின்) எண்ணிக்கையைக் கழித்து வருவதால் வகு. கிடைப்பது சிதறல் காரணி. அதன் வர்க்கமூலத்தால் நியம வழுக்களை, அதாவது ஒவ்வொரு மதிப்பீட்டின் நிச்சயமின்மையின் அளவுகளை, பெருக்கு. வேலை முடிந்தது. காரணி 6 என்றால் ஒவ்வொரு நியம வழுவும் 2.45 மடங்கு பெரிதாகும். புவசோனில் மழையின் குணகம் (மழை எண்ணிக்கையை எவ்வளவு மாற்றுகிறது என்ற எண்) தன் நியம வழுவைப் போல நான்கு மடங்கு என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தால், இங்கே அது 1.6 மடங்காகச் சுருங்கிவிடும். எத்தனையோ ஆய்வறிக்கைகளில் 'இது முக்கியமான விளைவு' என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் இந்த ஒரு பெருக்கலில் உதிர்ந்துவிடும்.

வேகம்? புவசோன் எவ்வளவோ அவ்வளவு. 20 பிரிவு, 520 கிழமை என்றால் 10,400 வரிகள். 60 மாறிகள் இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலு கோடிப் பெருக்கல்கள், ஐந்தாறு சுற்றில் ஒருங்கிவிடும் (விடை மாறாமல் நின்றுவிடும்). இன்றைய மிகச் சாதாரண கணினிக்கே இது ஒரு தும்மல்.

ஆனால் குவாசிக்குப் பரம்பல் இல்லை. ஆகவே முழுமையான லைக்லிஹூட் (இந்தத் தரவு வருவதற்கான நிகழ்தகவு) இல்லை, மாதிரியுருக்களை ஒப்பிடும் ஏ.ஐ.சி. என்ற அளவு இல்லை, 'அடுத்த கிழமை 40ஐத் தாண்டும் நிகழ்தகவு என்ன' என்ற கேள்விக்கு நேரடியான பதிலும் இல்லை. இதைச் சுற்றிப் போகலாம். 1996இல் பாரிங்டனும் சகாக்களும் இங்கிலாந்து, வேல்ஸ் தொற்றுநோய்க் கண்காணிப்புக்காக அமைத்த முறை குவாசி-புவசோனை வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்திச் சமச்சீராக்கி எல்லை போட்டது. வாராவாரம் நூற்றுக்கணக்கான நோய்க்கிருமிகளுக்கு ஓட வேண்டிய முறை அது, ஆகவே வேகம் அங்கே உண்மையிலேயே தேவைப்பட்டது. 2013இல் வந்த திருத்திய வடிவம் எல்லையை மறை ஈருறுப்பிலிருந்து எடுக்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட நான் பொய் அலாரத்தில் படித்த அதே பாடம், ஆனால் அவர்கள் ஒழுங்காகப் படித்தார்கள்.

மறை ஈருறுப்புக்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1920இல் கிரீன்வுட்டும் யூலும் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களின் விபத்துக்களை எண்ணினார்கள். ஒவ்வொருவருக்கும் விபத்துக்குள்ளாகும் வீதம் வேறு, அந்த வீதங்கள் காமா பரம்பலில் பரந்திருக்கின்றன, ஒருவருக்குள் மட்டும் புவசோன் என்று வைத்தால் மொத்தத்தில் கிடைப்பது மறை ஈருறுப்பு. 'பெண்கள்' என்ற இடத்தில் 'பிரிவு-கிழமைகள்' என்று போட்டால் நமது டெங்கு. மாறற்றிறன் இப்போது இடை + (இடையின் வர்க்கம் ÷ தீட்டா). தீட்டா பெரிதானால் புவசோனுக்குத் திரும்பும், சிறிதானால் சிதறல் கூடும்.

வேகத்தில் இது குவாசியை விடக் கொஞ்சம் பின்னால். தீட்டாவைப் பிடித்து வைத்துக் குணகங்களைக் கண்டுபிடித்து, குணகங்களைப் பிடித்து வைத்துத் தீட்டாவைக் கண்டுபிடித்து, மாறி மாறிப் போக வேண்டும். ஆர் என்ற புள்ளிவிபர நிரல்மொழியில் மாஸ் பொதியின் கட்டளை இப்படித்தான் செய்கிறது. நம் அளவுத் தரவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒருங்கவில்லை என்று அது கத்தினால் பெரும்பாலும் தரவில் மிகைச்சிதறலே இல்லாமல் தீட்டா முடிவிலிக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுற்றுகளைக் கூட்டிப் பயனில்லை, புவசோனே போதும் என்று அர்த்தம்.

இங்கேதான் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அண்ணா, இரண்டும் மிகைச்சிதறலைக் கவனிக்குது. ஆனா ஏன் மழையின் குணகமே வேற வேறயா வருது? நியம வழு மட்டும்தானே மாறணும்?"

அவன் திரையில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. காரணம் நிறை. இரண்டு முறைகளும் உள்ளே நிறையிட்ட பிற்செலவைத்தான், அதாவது பதிவுகளுக்கு வேறு வேறு முக்கியத்துவம் கொடுத்துக் கோடு பொருத்துவதைத்தான், திரும்பத் திரும்பச் செய்கின்றன, அந்த நிறைகள்தான் வேறு. குவாசியில் ஒரு பதிவின் நிறை இடைக்கு விகிதசமம். மறை ஈருறுப்பில் அது இடை ÷ (1 + இடை ÷ தீட்டா). எண்ணைப் போட்டுப் பார்ப்போம். தீட்டா 4. ஒரு பிரிவில் எதிர்பார்ப்பு 80, இன்னொன்றில் 4. குவாசியின் கண்ணில் அந்த 80க்காரர் 4க்காரரைப் போல 20 மடங்கு பேசுகிறார். மறை ஈருறுப்பில் நிறைகள் 3.8, 2. இரண்டு மடங்குகூட இல்லை. எவ்வளவு பெரிய பிரிவானாலும் அதன் நிறை தீட்டாவைத் தாண்டாது.

அதாவது குவாசி போட்டால் உன் முடிவு கொழும்பு மாநகரம், தெஹிவளை, கொலன்னாவ போன்ற பெரிய எண்கள் வரும் இடங்களின் முடிவு. அதிலும் 2017 ஜூன், ஜூலைக் கிழமைகளின் முடிவு. மறை ஈருறுப்புப் போட்டால் ஹங்வெல்லப் பக்கத்து அமைதியான கிழமைகளுக்கும் கிட்டத்தட்ட சமமான வாக்கு. எது சரி என்பது கணிதம் மட்டும் தீர்க்கும் விடயமில்லை. மொத்த நோயாளிகளின் எண்ணிக்கையை மழை எவ்வளவு கூட்டுகிறது என்றால் எனக்குக் குவாசியின் பார்வை பிடிக்கும், ஏனென்றால் நோயாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு சராசரிப் பிரிவில் மழை என்ன செய்கிறது என்றால் மற்றது. இரண்டும் மிக வேறுபட்டால் மழையின் விளைவே இடத்துக்கு இடம் மாறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகம் எந்த முறையை விடவும் பெறுமதியானது.

தரவையே கேட்கவும் ஒரு வழி உண்டு. மாதிரியுரு எதிர்பார்த்த எண்களை வரிசைப்படுத்தி 20, 30 குழுக்களாகப் பிரி. ஒவ்வொரு குழுவிலும் எச்சங்களின் (கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசங்களின்) வர்க்கச் சராசரியை எதிர்பார்ப்பின் சராசரிக்கு எதிராக வரை. புள்ளிகள் நேர்கோட்டில் ஏறினால் குவாசி, மேல்நோக்கி வளைந்தால் மறை ஈருறுப்பு. வித்தியாசம் சின்னதல்ல: இடை 20இல் இரண்டும் 120ஐச் சொல்லும்படி பொருத்தினாலும், இடை 80இல் குவாசி 480 என்கிறது, மற்றது 1,680 என்கிறது. ஏ.ஐ.சி. பார்ப்பதை விட இந்த ஒரு படத்தை நான் அதிகம் நம்புவேன். தம்பியின் தரவில் முதலில் வளைந்து, கடைசி மூன்று குழுக்களில் தட்டையானது. அந்த மூன்று குழுக்களும் கிட்டத்தட்ட முழுவதும் 2017.

பூச்சியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்செலில் பூச்சியம் நிறையக் கண்டால் உடனே 'பூச்சியம் பெருத்த மாதிரியுரு' என்று ஓடுவது ஒரு தொற்றுநோய் மாதிரி. 1992இல் டயன் லாம்பர்ட் இதை எழுதியது மின்சுற்றுப் பலகைகளில் பற்றவைப்புக் குறைகளை எண்ணும்போது. இயந்திரம் சரியாக இருக்கும் நேரத்தில் குறையே வராது, சரியில்லாத நேரத்தில் புவசோனாக வரும். அங்கே இரண்டு நிலைகள் உண்மையிலேயே இருந்தன. கொழும்பு மாவட்டத்தில் டெங்கு வரவே முடியாத பிரிவு எது? ஒன்றும் இல்லை. பூச்சியம் அதிகமாக இருப்பது மட்டும் சான்றாகாது. இடை 1.5, தீட்டா 0.5 உள்ள சாதாரண மறை ஈருறுப்பில் சரியாகப் பாதிப் பதிவுகள் பூச்சியம். புவசோன் எதிர்பார்ப்பதோ 22 சதவீதம். அந்த மிச்சத்தைப் பார்த்துப் பயந்து இரண்டாவது சமன்பாடு ஒன்றைச் சேர்த்தால் ஓட்டம் மெதுவாகும், குணகங்களை விளக்குவதற்குள் வாய் உலரும். அறிக்கை அனுப்பாத கிழமையைப் பூச்சியம் என்று யாரோ தட்டச்சு செய்திருந்தால் அது வேறு கதை. அதற்கு மருந்து தொலைபேசி எடுத்துக் கேட்பது.

ஒன்றைக் கூட்டி மடக்கை எடுத்துச் சாதாரண பிற்செலவு போடுவதுதான் எல்லாவற்றிலும் வேகம். சிறிய எண்களில் அது பிழைக்கும்: கூட்டியது ஒன்றா அரையா என்பதிலேயே குணகம் ஆடும், திரும்ப எண்ணிக்கைக்கு மாற்றும்போது இடையும் தவறும். எல்லா எண்களும் ஐம்பது, நூறு என்று இருந்தால் சண்டை பிடிக்க மாட்டேன். மரபணுத் துறையில் இதன் திருந்திய வடிவம் ஒன்று நன்றாகவே ஓடுகிறது. ஒரே பரிசோதனையில் இருபதாயிரம் மரபணுக்களுக்கு இருபதாயிரம் மாதிரியுருக்கள் பொருத்த வேண்டியிருப்பதால், மடக்கை எடுத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கும் தகுந்த நிறை கணக்கிட்டு, சாதாரண பிற்செலவாக்கி விடுகிறார்கள். அதே துறையில் மறை ஈருறுப்புக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு மரபணுவின் சிதறலையும் மற்ற மரபணுக்களிடமிருந்து கடன் வாங்கிச் சீர்செய்கிறார்கள். இருபது பிரிவுகளுக்கு அந்த அவசரம் நமக்கில்லை.

நமக்குள்ள உண்மையான வில்லங்கம் காலம். குவாசியோ மறை ஈருறுப்போ, இரண்டும் ஒவ்வொரு கிழமையையும் தனிச் சாட்சியாக எண்ணுகின்றன. 520 கிழமை என்றால் 520 சாட்சிகள். ஆனால் ஒரு பரவல் பத்துப் பன்னிரண்டு கிழமைக்கு இழுபடும். அவை பன்னிரண்டு சாட்சிகள் இல்லை, ஒரே ஆள் பன்னிரண்டு தடவை பேசுவது. சிதறல் காரணி இதைப் பிடிக்காது. இதற்கு எனக்குப் பிடித்த மலிவான வைத்தியம் இரண்டு. சில கிழமைகளுக்கு முந்திய எண்ணிக்கையின் மடக்கையை (ஒன்று கூட்டித்தான், இங்கே அது குற்றமில்லை) ஒரு மாறியாகச் சேர்ப்பது முதலாவது. ஆனால் அதைச் சேர்த்ததும் மழையின் குணகத்தின் பொருளே மாறிவிடும், ஏனென்றால் போன கிழமை எண்ணிக்கைக்குள்ளும் மழை இருக்கிறது. இரண்டாவது, பிரிவு வாரியாகக் கொத்தாக்கிய சாண்ட்விச் நியம வழு. பெயரைக் கேட்டுத் தம்பி மெனுவைப் பார்த்தான். புவசோனைப் பொருத்திவிட்டு, நியம வழுவை மட்டும் ஒவ்வொரு பிரிவின் எச்சங்களையும் ஒன்றாகக் கூட்டித் திரும்பக் கணக்கிடுவது அது. மாறற்றிறன் வடிவத்தைப் பற்றி எதையும் நம்பத் தேவையில்லை, நேரமும் எடுக்காது. ஒரு குறை, 20 கொத்துகள் என்பது கொஞ்சம் குறைவு. வரும் இடைவெளிகள் உண்மையை விடச் சற்று ஒடுங்கியே இருக்கும்.

பிரிவுகளுக்கு எழுமாற்று விளைவு (ஒவ்வொரு பிரிவின் தனிப் போக்கும் ஒரு பரம்பலிலிருந்து வருகிறது என்று வைப்பது) வேண்டும் என்றால் விளையாட்டு மாறுகிறது. இப்போது தொகையீடு செய்ய வேண்டும், வேகம் முதன்முறையாக உறைக்கத் தொடங்கும். ஆர் மொழியின் எல்.எம்.இ.4 பொதியில் உள்ள மறை ஈருறுப்புக் கட்டளை தீட்டாவுக்காக முழு மாதிரியுருவையும் திரும்பத் திரும்பப் பொருத்தும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பது காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு பஸ்ஸில் இருப்பது போல. 2017இல் அறிமுகக் கட்டுரை வந்த ஜி.எல்.எம்.எம்.டி.எம்.பி. அதே வேலையைத் தன்னியக்க வகையீட்டாலும் லாப்லஸ் அண்ணளவாக்கத்தாலும் செய்கிறது, மிகக் கெதியாக. மழைக்கும் பருவத்துக்கும் வளைந்த கோடுகள் வேண்டுமென்றால் எம்.ஜி.சி.வி. பொதியின் பாம் கட்டளை. பெரிய தரவுக்கென்றே எழுதியது, மாறிகளின் பெறுமானங்களை மட்டந்தட்டிச் சுருக்கும் தெரிவைக் கொடுத்தால் இலட்சக்கணக்கான வரிகளையும் சலிப்பில்லாமல் விழுங்கும். எனக்கு இன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அயல் பிரிவுகள் ஒன்றையொன்று பாதிப்பதை வரைபடமாகக் காட்ட வேண்டுமென்றால் இன்லா என்ற ஆர் பொதி. 2009இல் ரூவும் சகாக்களும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பேய்சிய விடையை (முன் நம்பிக்கையும் தரவும் சேர்ந்து தரும் நிகழ்தகவை) மாதிரியெடுக்காமல் நேரடியாக அண்ணளவாக்குவதால், ஸ்டான் ஓர் இரவு எடுக்கும் இடத்தில் அது சில நிமிடங்களில் முடிக்கும். நிறுவுவதற்கு ஆர் மொழியின் வழமையான களஞ்சியத்தில் கிடைக்காது, தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதைவிட, கட்டளைகளின் மொழியே ஒரு தனிப் பாடம். ஆய்வு சமர்ப்பிக்க ஆறு கிழமை இருக்கும்போது தொடங்காதே என்று சொல்லிவிட்டேன். ஸ்டானைப் பற்றி ஒன்றே ஒன்று. அறிக்கை தாமதத்தையும் பரவலின் உள்வேலையையும் ஒரே மாதிரியுருவில் எழுத வேண்டிய நாளில் அதைப் போலொன்று இல்லை. அந்த நாள் இன்னும் வரவில்லை.

கடைசியில் தம்பிக்குச் சொன்னது இதுதான். மழையின் விளைவைச் சொல்லும் அத்தியாயத்துக்குக் குவாசி-புவசோன். சனத்தொகையின் மடக்கையை ஈடாக, அதாவது குணகம் 1 என்று நிலையாக வைத்த மாறியாக, போடு, அதை மறந்தால் பெரிய பிரிவெல்லாம் நோய்ப் பிரிவாகத் தெரியும். ஆண்டில் இரண்டு உச்சம் வருவதால் சைன், கோசைன் இரண்டு சோடி. சித்திரைப் புத்தாண்டுக் கிழமைகளுக்கு ஒரு தனி மாறி, அப்போது அறிக்கைகள் குறையும். நியம வழு சாண்ட்விச். பக்கத்திலேயே மறை ஈருறுப்பின் குணகத்தையும் ஒரு நிரலில் காட்டு, ஒளிக்காதே. எச்சரிக்கை எல்லை பற்றிய அத்தியாயத்துக்கு மறை ஈருறுப்பு மட்டும், 2017ஐச் சேர்த்தும் விட்டும் இரண்டு தடவை.

"அப்ப சேரும் சரி, அவவும் சரியா?" என்றான்.

"இரண்டு அத்தியாயத்துக்கு இரண்டு பேரும் சரி. இரவு முழுக்க ஓட விட்டவன் என்ன ஆனான்?"

"காலையில கரண்ட் போயிட்டுது அண்ணா."

இரண்டு கிழமை கழித்து வாட்ஸ்அப்பில் அவன் படம் வந்தது. எல்லைக்கோடு ஒழுங்காக இருந்தது. ஆனால் கடைசி இரண்டு கிழமைகளில் எல்லாப் பிரிவுகளிலும் டெங்கு சடாரென்று விழுந்திருந்தது. நோய் குறையவில்லை. வைத்தியசாலையில் நிரப்பிய எச் 544 என்ற நோய் அறிவித்தல் படிவங்கள் இன்னும் வழியில் இருந்தன. அந்த இரண்டு கிழமைகளை வெட்டிவிட்டுத் திரும்ப ஓட்டச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்குள் புதுப் படம் வந்தது.